சேற்றில் புதைந்த மூக்கு

கள்ளிக்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துக்கு எப்போதும் ஒரு காட்டுப்பன்றிதான் தலைவர். தலைவர் குடித்த பிறகே மற்ற விலங்குகள் தண்ணீர் குடிக்கும். ஆறு மழைக்காலம் பதவி. அதன்பின் அதே பன்றி மறுபடி தலைவராக முடியாது. பதவி முடியும் நாளில் பழைய தலைவர் பாறைமேல் ஏறி நிற்பார். அவர் மூக்கு யார் பக்கம் திரும்புகிறதோ, அவரே அடுத்த தலைவர். அந்த மூக்கு இதுவரை பன்றிகள் பக்கம் மட்டுமே திரும்பியிருக்கிறது!

இப்போதைய தலைவரின் பெயர் கருங்காலன். அதன் ஆறாவது மழைக்காலம் முடியப்போகும் சமயம். ஒருநாள் காலையில் அது பாறைமேல் ஏறி வெயில் காய்ந்தது. எங்கிருந்தோ கிழங்கு வாசம் வந்தது. மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே ஓர் ஓணான் பூச்சி தின்றுகொண்டிருந்தது.

அவ்வளவுதான்! தண்ணீர் குடிக்க வந்த விலங்குகள் எல்லாம் ஓணானைச் சூழ்ந்துகொண்டன.

“புதுத் தலைவர் வாழ்க!”

“என்ன கம்பீரம்! எனக்கு அப்போதே தெரியும்!” என்றது நரி.

“ஐயோ, நான் பூச்சி தின்ன வந்தவன்! என்னை விட்டுவிடுங்கள்!” என்று அலறிக்கொண்டு ஓணான் கள்ளிக்குள் ஒளிந்தது.

மரக்கிளையில் இருந்த வான்கோழி விழுந்து விழுந்து சிரித்தது. ஆறு மழையாகக் கருங்காலனை வம்புக்கு இழுப்பதே அதன் வேலை.

“தலைவரே, உம்மையும் உம் மாமா இப்படித்தானே காட்டினார்? அன்றைக்குக் கிழங்கு வாசம் எந்தப் பக்கமிருந்து வந்ததாம்?”

எல்லா விலங்குகளும் சிரித்தன. கருங்காலன் சிரிக்கவில்லை. குளத்தை ஆழப்படுத்தியதும் கரையை உயர்த்தியதும் அதுதான். ஆனாலும் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. ‘என் தகுதியைப் பார்த்தா என்னைத் தலைவராக்கினார்கள்? மாமாவின் மூக்கைப் பார்த்துத்தானே!’

பதவி முடியும் நாள் வந்தது. கருங்காலனின் மருமகன் செவலையன் முன்வரிசையில் ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கருங்காலன் பாறைமேல் ஏறவில்லை. குளக்கரைக்குப் போனது.

“யார் தலைவராக வேண்டுமோ, அவர் பின்னால் போய் நில்லுங்கள்! நான் யாரையும் காட்டமாட்டேன்!”

சொல்லிவிட்டு மூக்கைச் சேற்றில் புதைத்துக்கொண்டது.

விலங்குகள் திகைத்து நின்றன. முதலில் முயல் தயங்கித் தயங்கி வான்கோழியின் பின்னால் போனது. பிறகு மான் போனது. பன்றிகள் செவலையனின் பின்னால் நின்றன.

செவலையன் ஓடிவந்து காதில் கிசுகிசுத்தது. “மாமா! வான்கோழி பக்கம் கூட்டம் சேர்கிறது! மூக்கைக் கொஞ்சம் தூக்கி என் பக்கம் காட்டுங்கள், போதும்! எல்லாரும் என்னிடம் ஓடி வந்துவிடுவார்கள்!”

அது உண்மைதான். கருங்காலனுக்கும் அது தெரியும்.

“நம் இனத்துக்கே துரோகம் செய்கிறீர்களே, மாமா!”

கருங்காலன் மூக்கை இன்னும் ஆழமாகப் புதைத்தது. வாயோரமாக மூச்சு இரைத்தது. அப்படியே அசையாமல் கிடந்தது.

கடைசியாக ஆமையும் வந்து வான்கோழியின் பின்னால் நின்றது. அதன்பிறகே கருங்காலன் தலையைத் தூக்கியது. இரண்டு வரிசைகளையும் பார்த்தது. வான்கோழியின் வரிசையே நீளமாக இருந்தது. யாரும் வாய் திறப்பதற்குள் அதுவே உரக்கச் சொன்னது:

“வான்கோழித் தலைவரே, முதல் தண்ணீர் உமக்கு!”

வான்கோழிக்கு நம்பிக்கை வரவில்லை. “இதில் என்னய்யா சூழ்ச்சி?”

“ஒன்றுமில்லை. மூச்சுதான் முட்டியது!”

“இனி நான் யாரை வம்புக்கு இழுப்பேன்?”

“கவலைப்படாதீர். இனி அந்த வேலை எனக்கு!”

கருங்காலன் நடந்துபோய்த் தண்ணீர் வரிசையின் கடைசியில் நின்றது.

“முதலில் குடித்தவர் கடைசியில் நிற்கிறீரே, கூச்சமாக இல்லையா?” என்று கேட்டது நரி.

“இல்லை! ஆறு மழையில் இன்றுதான் எனக்குப் பெருமையாக இருக்கிறது!”

சேறு காயாத மூக்கை நிமிர்த்தி அது காற்றை மோந்தது. அந்த மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வரிசையில் ஒருவரும் பார்க்கவில்லை.

தன்னிடம் இருந்த அதிகாரத்தைத் தனக்காகப் பயன்படுத்தாமல் விட்டவரே, அதற்குத் தகுதியாக இருந்தவர்.