மாலைக்குள் செல்லாத காசு

கேளுங்கள், கேளுங்கள்! காசில் ஒரு பக்கம் மீனும் மறுபக்கம் யானையும் பொறித்திருந்த காலம். கடலோரத்தில் உப்பந்துறை என்றொரு ஊர். அங்கே உப்பு விற்றுப் பிழைத்தார்கள் வெண்ணியும் அவள் புருஷன் கொற்றனும்.

இருவருக்கும் ஒரே ஆசை. சொந்தமாக ஒரு ஜோடி வண்டிமாடு வேண்டும்! வாடகை மாட்டில் உப்பு ஏற்றினால் லாபமெல்லாம் மாட்டுக்காரனுக்கல்லவா போகிறது?

அதனால் உப்பு விற்ற காசு கைக்கு வந்ததும், அரிசி வாங்குவதற்கு முன்பே வெண்ணி ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவாள். அதையும் ஒரே இடத்தில் வைக்கமாட்டாள். கொஞ்சம் வீட்டு மூங்கில் குழாயில். கொஞ்சம் ஆட்டுக்குட்டிகளாகக் கொல்லையில். மீதியெல்லாம் கோட்டைக் காவலர் காக்கும் கோயில் பண்டாரத்தில்.

ஒருநாள் பட்டுத் தலைப்பாகையோடு ஒருவன் குதிரையில் பறந்து வந்தான். விரலில் பெரிய முத்திரை மோதிரம்.

"அரசன் ஆணை! கள்ளக்காசு பெருகிவிட்டது. இந்த மீன்காசு இன்று மாலைக்குமேல் செல்லாது! என்னிடம் கொடுத்தால் நாளைக்குப் புதுக்காசு வரும். ஓடுங்கள், ஓடுங்கள்!"

ஊரே பதறியது! குயவன் ஓடினான். எண்ணெய் வாணிகன் ஓடினான். கொற்றனும் கூரையில் செருகியிருந்த குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கொடுத்தும்விட்டான்.

"இன்னும் இருக்கிறதா?" என்றான் குதிரைக்காரன்.

"என் பெண்சாதி நிறையச் சேர்த்திருக்கிறாள், ஐயா!"

அவ்வளவுதான், குதிரை நேராக வெண்ணியின் வாசலில் வந்து நின்றது. சேதியைக் கேட்டாள் வெண்ணி. எத்தனை வெயில், எத்தனை நடை! எல்லாம் மாலைக்குள் மண்ணாகிவிடுமா? ஆனாலும் மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"கோட்டை பக்கத்தில்தானே இருக்கிறது. நானே வந்து அங்கே கொடுக்கட்டுமா?"

"நேரமில்லை!"

"ஊர்த்தலைவரை ஒரு வார்த்தை கேட்கட்டுமா?"

"அவரிடம் மூச்சு விடாதே!"

"வாங்கிக்கொண்டதற்கு ஓலை தருவீர்களா?"

"அரசனையே சந்தேகப்படுகிறாயா? சிறைக்குப் போவாய்!"

வெண்ணிக்கு விளங்கிவிட்டது. உண்மை பேசுகிறவனுக்கு எதற்கு இத்தனை அவசரம்? எதற்கு இத்தனை ரகசியம்? எதற்கு இத்தனை மிரட்டல்?

"கோபிக்காதீர்கள் ஐயா," என்று கைகூப்பினாள். "எங்கள் காசில் பெரும்பங்கு கோயில் பண்டாரத்தில் இருக்கிறது. கூட வந்தால் இப்போதே வாங்கித் தருகிறேன்."

பெரும்பங்கு என்றதும் அவன் கண் மின்னியது. யோசிக்காமல் கிளம்பினான்!

கோயில் வாசலில் கோட்டைக் காவலர்கள் இருவர் வேலோடு நின்றார்கள். அவன் குதிரையைத் திருப்புவதற்குள் வெண்ணி உரக்கக் கத்தினாள்.

"காவலரே! மீன்காசு செல்லாது என்று அரசர் சொன்னாரா?"

"அரசரா? நேற்றுத்தான் எங்களுக்கு மீன்காசில் கூலி கொடுத்தார்கள்!"

அடுத்த நொடி குதிரை பாய்ந்தது! பாதையை விட்டு உப்பளத்துக்குள் பாய்ந்தது! "பிடி! பிடி!" என்று ஊரே துரத்தியது. காவலர் ஓட, குயவன் ஓட, கொற்றன் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினான். உப்பளத்துச் சேற்றில் குதிரையின் கால் முழங்கால்வரை புதைந்தது. தலைப்பாகை ஒரு பக்கம், மோதிரம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்! அவன் காசு வாங்கிக் கட்டியிருந்த மூட்டை கிழிந்து எல்லாம் வெள்ளை உப்பின்மேல் கலகலவென்று கொட்டியது.

காவலர் அவனைக் கட்டி இழுத்துப் போனார்கள். அவரவர் காசு அவரவர் கைக்கு வந்தது. கொற்றன் சேற்றோடு வந்து குழாயை வெண்ணியிடம் நீட்டினான். தலை நிமிரவில்லை.

"எல்லாக் காசும் அந்தக் குழாயிலேயே இருந்திருந்தால், எல்லாவற்றையும் கொடுத்திருப்பேன் வெண்ணி."

"தெரியும்," என்று சிரித்தாள் அவள். "வாருங்கள், சந்தைக்குப் போய் மாடு பார்ப்போம்!"

ஆகவே மக்களே, அவசரப்படுத்தியோ, ரகசியம் பேசியோ, பயமுறுத்தியோ காசு கேட்பவன் எவனாக இருந்தாலும், தீர விசாரிக்காமல் அவன் கையில் காசைக் கொடுக்காதீர்கள்.