தட்டான் அளந்த குளம்

அந்தக் காலத்தில், பூச்சியும் மாடும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு குளத்தில் நீரளக்கும் வேலை தட்டானுடையது. கரைக்கல்லில் உட்கார்ந்து வாலைத் தொங்கவிடும். எத்தனை கணு நனைகிறதோ அதுதான் அளவு.

ஒரு கோடையில் குளம் வற்றத் தொடங்கியது.

"என் தலைப்பிரட்டைகளுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. தண்ணீர் எங்கேதான் போகிறது? அளக்கிறவன் நீ, சொல்லு" என்றது தவளை.

தட்டான் யோசித்தது. எருமை வந்து படுத்திருக்கும் உச்சிவேளையில் ஐந்து கணு. அது எழுந்துபோன மாலையில் மூன்று.

"எருமைதான் கொண்டுபோகிறது."

"அவ்வளவையும் குடிக்க என் வயிறு என்ன ஏரியாடா தம்பி?" என்று கேட்டது எருமை.

"பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது, அக்கா" என்றது தவளை. கரையே சிரித்தது. எருமை தன் கன்றை முன்னால் விட்டு, வெயிலில் நடந்துபோனது.

அதன்பிறகு எருமை வரவே இல்லை. அப்படியும் நீர் இறங்கியது. தட்டானுக்கு இரை இறங்கவில்லை. எருமை படுத்தால் நீர் ஏறுகிறது, எழுந்தால் இறங்குகிறது. அப்படியானால் நான் அளந்தது குளத்தையா, எருமையின் உடம்பையா?

ஒரு விடியலில் நீரிலிருந்து ஆவி மெல்ல எழுந்தது. தட்டான் அதன் பின்னாலேயே பறந்தது. சிறகு நனையும் உயரத்தில் ஒரு மேகம்.

"யார் நீ?"

"உன் குளம்தான். வெயில் கூப்பிட்டது, வந்தேன். கனத்ததும் இறங்குவேன். மேட்டில் விழுந்தால் ஓடி வருவேன், மண்ணுக்குள் போனால் மெதுவாக வருவேன்."

"எப்போது இறங்குவாய்?"

"இதோ, இன்றைக்கே."

தட்டான் தலைகீழாகப் பாய்ந்து தவளையிடம் வந்தது. "நான் சொன்னது தப்பு."

"அதை என்னிடம் சொல்லி என்ன பயன்?" என்றது தவளை.

காய்ந்த சேற்றில் எருமையின் குளம்படிகள் இருந்தன, பக்கத்தில் கன்றின் சின்னக் குளம்படிகள். மழை கரைத்துவிடும் முன் போய்ச் சேர வேண்டும் என்று, தட்டான் தரையோடு தரையாக அவற்றைத் தொடர்ந்தது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குளம் நிறைந்தது. தலைப்பிரட்டைகள் பிழைத்தன. தடம் மட்டும் அழிந்துபோயிற்று.

அன்று முதல்தான் தட்டான் நீரை ஒரு தடவை தொட்டதோடு நம்பாமல் வாலால் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறது. மழைக்கு முன் தரையை ஒட்டித் தாழப் பறந்து, இன்னும் அந்தக் குளம்படிகளைத் தேடுகிறது.