வெள்ளிக்கிழமை வாத்து

பஸ் ஓட்டுநர் குற்றாலிங்கத்துக்கு நாற்பத்து மூன்று வயது. அவர் சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்த ரெபேக்காள் டீச்சருக்கு முப்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் செய்கிறவர் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடி வருகிறவர்களுக்கு அந்த வேலையைக் கற்றும் கொடுப்பார். அதிகம் பேச மாட்டார்.

"அண்ணாச்சி எதுக்குப் படம் வரையக் கத்துக்கணும்?" என்று முதல் நாள் கேட்டார்.

"ஒரே ஒரு புத்தகம் செய்யணும் டீச்சர். எம் பொண்டாட்டி சொன்ன கதை."

"சொல்லுங்க."

குற்றாலிங்கம் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரம் போய் வந்த பஸ்ஸில் யாரோ ஒரு படப் புத்தகத்தை சீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மாதம் வரை கேட்டு யாரும் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார். மலையாளப் புத்தகம். அவருக்கும் வாசிக்கத் தெரியாது, மனைவி சங்கரவடிவுக்கும் தெரியாது. படங்கள் மட்டும் நன்றாக இருந்தன. ஒரு வெள்ளை வாத்து, சிவப்புக் குடை, ஒரு குளம், வழியை மறித்து நிற்கும் ஓர் ஆடு.

வெள்ளிக்கிழமைதோறும் வடிவு மகள் கோமதிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். பின்வாசலில் துவைக்கிற கல்லின் மேல் வெயிலில் உட்காரவைத்து, தலைக்குச் சாம்பிராணி காட்டுவாள். முடி காயும் வரை அந்தப் புத்தகத்தை விரித்து, படத்தைப் பார்த்துத் தானாக ஒரு கதை சொல்லுவாள். ஒரு வெள்ளி தவறியதில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் வடிவு போய்விட்டாள்.

"இப்ப வெள்ளிக்கிழமைக்கு லீவை மாத்தி வாங்கிருக்கேன். நானே குளிப்பாட்டுதேன். சாம்பிராணி போடுதேன். மலையாளம் தெரிஞ்ச கண்டக்டர்ட்ட புத்தகத்தைக் குடுத்து, கதையைத் தமிழ்ல எழுதி வாங்கி வாசிச்சும் காட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் 'இது இல்லப்பா'ங்கா."

"அவங்க சொன்ன கதை உங்களுக்குத் தெரியாதா?"

"வெள்ளிக்கிழமை எனக்கு டூட்டி டீச்சர். ஒரு நாளும் கேட்டதில்ல."

"வேற யாருக்குத் தெரியும்?"

"கோமுவுக்குத்தான். அவளுக்கு இன்னும் நாலு வயசுகூட முடியல."

புத்தகம் குற்றாலிங்கத்தின் கையில் அவரைப் பார்த்து விரிந்திருந்தது. டீச்சர் அதை வாங்கித் திருப்பி, படங்கள் எதிரே இருப்பவருக்குத் தெரிகிற மாதிரி அவர் கையிலேயே வைத்தார்.

"இப்படிப் பிடிங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை குற்றாலிங்கம் புத்தகத்தை மகளைப் பார்த்து விரித்தார்.

"நீ அப்பாவுக்குச் சொல்லு."

கோமு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். வாத்து அத்தை வீட்டுக்குப் போகிறது. குடை மழைக்கு இல்லை, வெயிலுக்கு. வழியில் ஆடு மறிக்கிறது. "குடையக் குடு, தின்னுட்டுத் தாரேன்" என்கிறது. "தின்ன பொறவு எப்படித் தருவே?" என்கிறது வாத்து.

குற்றாலிங்கம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வடிவுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று ஏழு வருஷம் கூட வாழ்ந்தும் அவருக்குத் தெரியாது. ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வாத்தை வரைய ஆரம்பித்தார். கழுத்து கோணலாக வந்தது. டீச்சர் அதைத் திருத்தவில்லை.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நான்காம் வாரம் வாத்து பஸ் ஏறிவிட்டது.

"வாத்து அத்தை வீட்டுக்குல்லா நடந்து போச்சு?" என்றார் குற்றாலிங்கம்.

"இன்னைக்கு பஸ்ல போகுது."

"அம்மா அப்படிச் சொல்லல கோமு. இங்க பாரு, அப்பா எழுதியே வச்சிருக்கேன்."

கோமு நோட்டைப் பார்த்தாள். புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு ஈரத் தலையோடு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகத்தைக் காணவில்லை. தேடித் தேடி, கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து அவர் அதை எடுத்தபோது கோமு பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"அது உன் புத்தகம். நீயே வச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை குற்றாலிங்கம் தூரிகையைத் தொடவில்லை.

"பிள்ளை மறந்துட்டே வாரா டீச்சர். இன்னைக்கு பஸ், நாளைக்கு என்னவோ. இப்படியே போனா வடிவு சொன்னதுல ஒரு சொல்லுகூட மிஞ்சாது. நான் திருத்தாம வேற யாரு திருத்த?"

குரல் உயர்ந்துவிட்டது. வரைந்துகொண்டிருந்த மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

டீச்சர் நோட்டைக் கேட்டு வாங்கி, முதலிலிருந்து கடைசி வரை நிதானமாக வாசித்தார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. அவ கதை சொல்லும்போது நீங்க எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

"நோட்டைத்தான். எழுதணும்லா."

டீச்சர் நோட்டை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"வெள்ளிக்கிழமை கழியட்டும். அப்புறம் வாங்கிக்கோங்க."

குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்தது. இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் மாடிப்படி இறங்கினார். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தபோது வழக்கம்போல எண்ணெயைக் காய்ச்சினார். கோமுவைக் குளிப்பாட்டினார், துவைக்கிற கல்லில் உட்காரவைத்தார். நோட்டு இல்லை. புத்தகத்தையும் எடுக்கவில்லை. கீழே தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கோமு அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"நீ இன்னைக்கு எழுதலையா?"

"இல்ல."

அவள் கல்லிலிருந்து இறங்கி வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலிங்கம் எல்லோருக்கும் முன்னதாக வந்துவிட்டார். டீச்சர் ஒரு குரங்கின் வாலுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"கதை சொன்னாளா?"

"சொன்னா. ஆனா வாத்தே இல்ல டீச்சர். குடையும் இல்ல. ஒரு இட்லி கிணத்துல விழுந்துட்டாம். அதைத் தூக்க ஊரே கயிறு கொண்டு வந்துச்சாம். இதுல ஒரு வரிகூட வடிவு சொன்னதா இருக்காது."

"எவ்வளவு நேரம் சொன்னா?"

"தலை காஞ்சு, வெயில் சுட்டு, நிழலுக்கு நகந்து உக்காந்த பொறவும் சொன்னா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ம் கொட்டினேன். கொட்டாட்டி விட மாட்டேங்கா. கதையை நிறுத்திட்டு, என் காதைப் பிடிச்சு மெல்ல இழுத்து, 'எங்க இருக்கே நீ? ம் சொல்லு'ங்கா. நான் ம் சொன்ன பொறவுதான் அடுத்தது வருது. மூணு நாலு தடவை இழுத்துட்டா."

டீச்சர் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கதை சொல்லுறப்போ காதைப் பிடிச்சு இழுக்கணும்னு அவளுக்கு யாரு பழக்கினா அண்ணாச்சி?"

குற்றாலிங்கத்தின் கை தானாக எழுந்து காதைத் தொட்டது. அன்று அவர் ஒன்றும் வரையவில்லை.