பல்லுடைக்கும் துறை

முன்னொரு காலத்தில், ஆறு வளைந்தோடும் மணிக்கொல்லை நாட்டைக் கோடைவர்மன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். சிரிப்பு வந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பார்; கோபம் வந்தால் ஊரைவிட்டே துரத்துவார். எது வரும் என்று அவருக்கே தெரியாது.

அவருடைய சபையில் மாவலிராயர் என்றொரு பிரபு. ஆற்றங்கரையில் வழவழவென்று பளிங்குப் படித்துறை கட்டி, ஊருக்கென்று திறந்துவைத்தார். முதல் நாளே குடத்தோடு இறங்கிய பெண்கள் வழுக்கி விழுந்தார்கள். படகோட்டியின் மனைவி பூங்காவனம், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "படித்துறையா இது? பல்லுடைக்கும் துறை!" என்றாள். கரையே சிரித்தது. ராயர் காதுக்கும் எட்டியது.

மறுநாள் அவள் சபையில் நின்றாள்.

"அவதூறு, மகாராஜா! என் மானமே போய்விட்டது" என்றார் ராயர்.

"நாடு கடத்துங்கள்" என்றார் அரசர்.

"ஐயா, என் பிள்ளை?"

"பிள்ளை என் குடி. இங்கேதான் இருக்கும்."

காவலன் குழந்தையை வாங்கக் கை நீட்டினான். பூங்காவனத்தின் கைகள் இறுகின.

ராயர் குரலைக் குழைத்தார். "பயப்படாதே அம்மா. கல் வாங்க அரண்மனை தந்த பணத்தில் நான் திருடினேன் என்று நினைத்துத்தானே பேசினாய்? ஆமாம் என்று சொல், மன்னித்துவிடலாம்."

அமைச்சர் ஏகாம்பரருக்கு அந்த வலை புரிந்தது. ஆமாம் என்றால் பொய்ப்பழி சுமத்தியதாகிவிடும்; தீர்ந்தாள்.

"பார்க்காததை எப்படி ஐயா சொல்வேன்? விழுந்ததைப் பார்த்தேன். தோன்றியதைச் சொன்னேன்."

அமைச்சர் சட்டென்று ஒரு துணிச்சுருளை விரித்தார். "ராயரே, அடுத்த படித்துறைக்கு ஒரு படம். எப்படி இருக்கிறது?"

ராயர் பூங்காவனத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். "இவள் கிறுக்கியதா?"

"கருத்தைத்தானே கேட்டேன்."

"கோழி கிளறிய குப்பை!"

"ஓய்!" அரியணையிலிருந்து இடி இறங்கியது. "அதை வரைந்தது நான்!"

ராயர் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா! படம் கண்முன் இருந்தது. பார்த்தேன். மனதில் பட்டதைச் சொன்னேன். தங்கள்மேல் எனக்கு ஏது பகை?"

"அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் நீரே சொல்லிவிட்டீர்" என்றார் அமைச்சர். "மனதில் பட்டதுதான் என்றால் அவளுக்கும் அதே நியாயம். இல்லை, இவள் வரைந்தது என்று நினைத்துத்தான் இகழ்ந்தீர் என்றால், அது கருத்தல்ல, வஞ்சம். எது ராயரே?"

ராயர் அரசரின் காலை இன்னும் இறுகப் பற்றினார்.

அரசர் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல். படம் எப்படி?"

அவள் குழந்தையின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அழகாத்தான் இருக்கு, மகாராஜா. ஆனா இதிலயும் பளிங்குதான். பிடிச்சுக்க ஒண்ணுமில்ல. வரைஞ்சவர் ஒருநாளும் குடம் தூக்கி இறங்கினதில்ல."

அரசர் எழுந்தார். "ஒரு குடம் கொண்டுவாருங்கள்."

ஆற்றங்கரைக்குப் போனார். இறங்கினார்.

அன்று மாலையே தீர்ப்பு வந்தது. "ஊருக்கென்று கட்டியதைப் பற்றி ஊர் பேசலாம். சொல்லும் சங்கதி மெய்யாக இருக்கட்டும். மனதில் வஞ்சம் இல்லாதிருக்கட்டும். அப்படிப் பேசிய வாயைக் கட்டக் கூடாது. பூங்காவனம் பிள்ளையோடு வீட்டுக்குப் போகலாம். பளிங்கைப் பெயர்த்துச் சொரசொரப்பான கல் பதிக்கும்வரை, அவள் வீட்டுத் தண்ணீரை அந்தப் படியேறி ராயரே சுமக்க வேண்டும்."

தீர்ப்பு முழுவதையும் அரசர் நின்றுகொண்டேதான் வாசித்தார். அரியணையில் உட்கார அவரால் முடியவில்லை.