மாமியார் சட்டிக்கு ஒரு கொடுவா

“ஏரியில தக்கையைப் பாரு, கடல்ல…”

பூவராகனின் தாய்மாமன் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கு அது. முன்பாதி பூவராகனுக்கு நன்றாக நினைவிருந்தது. பின்பாதி போன இடம் தெரியவில்லை. ஏரிக்காரனுக்குக் கடல் எதற்கு என்று அன்று அவன் காதில் வாங்கவில்லை.

இப்போது கடற்கரையில் நின்று, கடல் தூண்டில் சொல்லிக்கொடுக்கும் காத்தாயியிடம் கேட்டான்.

“கடல்ல எதைப் பார்க்கணும் அக்கா?”

காத்தாயி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

“காலைப் பாரு. நண்டு கடிக்குது.”

கடித்துக்கொண்டுதான் இருந்தது.

*

பூவராகனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஏரியில் தூண்டில் போட அவனை மிஞ்ச ஆளில்லை. கருவாடு வாங்க இந்த மீனவக் குப்பத்துக்கு வந்தவன் அஞ்சலையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அதோடு கருவாடு மறந்துபோயிற்று.

அஞ்சலையின் அம்மா மறுக்கவில்லை. குப்பத்து வழக்கத்தை மட்டும் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்து வீட்டோடு தங்கப்போகும் மாப்பிள்ளை, தன் கையால் தூண்டில் போட்டுக் கடல்மீன் ஒன்று பிடித்து, மாமியார் சட்டிக்குக் கொண்டுவர வேண்டும். வலைமீன் கூடாது. மாமியார் மீனின் வாயைப் பிளந்து, தூண்டில் முள் குத்திய ஓட்டையைப் பார்த்த பிறகுதான் மஞ்சளே அரைப்பாள்.

“ஆடி பொறக்கறதுக்குள்ள மீன் வரணும்,” என்றாள். “இல்லேன்னா வந்த வழியே போயிடணும்.”

“நீ நெத்திலி கொண்டாந்தாக்கூட நான் சரின்னுடுவேன்,” என்றாள் அஞ்சலை, அம்மாவுக்குக் கேட்காமல். “நெத்திலி தூண்டில்ல மாட்டாது. அதான் கஷ்டம்.”

தூண்டில் என்றால் அந்தக் கரையில் காத்தாயிதான். படகு ஏறாமல், கரையில் நின்றபடியே கொடுவா மீனை இழுத்துப் போடுகிறவள். பூவராகன் தேங்காய் பழத்தோடு போய், “குருவே” என்று நின்றான்.

“குரு, கிருன்னு கூப்பிடாதே. அக்கான்னு கூப்பிடு,” என்றாள் அவள். “தேங்காயை உள்ள வை. குழம்புக்கு ஆகும்.”

*

ஏரியில் கற்றதெல்லாம் கடலில் குறுக்கே வந்து நின்றது.

நிழல் தண்ணீரில் விழாதபடி பதுங்கி உட்கார்ந்தான். மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டான். மெல்லிய குரலில், “அக்கா, இங்க போடட்டுமா?” என்றான்.

“யாருக்குப் பயந்து குசுகுசுங்கிறே?” அலைக்கு மேல் கத்தினாள் காத்தாயி. “மீன் என்ன உன் மாமியாரா?”

கொட்டாங்குச்சியில் மண்புழு கொண்டுவந்திருந்தான். அவள் எட்டிப் பார்த்தாள்.

“இதை யாரு தின்பா?”

“மீன்தான்.”

“உன் ஏரி மீன் தின்னும். இங்க இறாலை உரிச்சுக் கோத்து வை. விருந்துக்குக் கூப்பிட்டு வைக்கோலா போடுவே?”

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டான், தக்கையைத் தவிர. நரம்பில் கட்டி மிதக்கவிட, மாமா சீவிக் கொடுத்த தக்கை. ஏரியில் அது ஒரு முறை அமிழ்ந்தால் மீன் முகர்ந்து பார்க்கிறது. மறுமுறை அமிழ்ந்தால் விழுங்கிவிட்டது. அப்போது சுண்டி இழுக்க வேண்டும். அவன் கை அப்படியே பழகிவிட்டது.

கடலில் ஒவ்வோர் அலைக்கும் தக்கை ஓயாமல் அமிழ்ந்தது. பூவராகனும் ஓயாமல் சுண்டினான். வெறும் முள் வந்தது. பாசி வந்தது. ஒரு நாள் யாரோ தொலைத்த செருப்பு வந்தது.

“இன்னொண்ணும் பிடி,” என்றாள் காத்தாயி. “ஜோடியாக் குடுத்தா மாமியா போட்டுக்குவா.”

*

ஆனி முடிகிற நாள்.

காலையில் பூவராகனின் ஊரிலிருந்து கருவாடு ஏற்ற மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரன் சொன்னான்: “ஏரிக்குப் புதுத்தண்ணி வந்தாச்சுண்ணே. கெண்டை கரையில ஏறித் துள்ளுது. உன் அண்ணன் கையோட கூட்டியாரச் சொன்னாரு. மதியம் கிளம்பறேன்.”

பூவராகன் மூட்டை கட்டினான். காத்தாயியிடம் சொல்லிக்கொள்ள வந்தான்.

“ஊருக்குப் போறேன் அக்கா.”

“இது எத்தனையாவது மூட்டை?”

பூவராகன் மணலைப் பார்த்தான்.

“சித்திரையில ஒண்ணு கட்டினேன். வைகாசியில ஒண்ணு.”

“அவுத்தது யாரு?”

“நான்தான்.”

“ம்,” என்றாள் காத்தாயி.

மேலே ஏதாவது சொல்வாள் என்று நின்றான். அவள் அவனுடைய தூண்டிலை எடுத்தாள். தக்கை கட்டிய இடத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அக்கா! அது எங்க மாமா குடுத்தது!”

“என் எண்ணெய்ப் புட்டிக்கு மூடி இல்லை,” என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டினாள். இறால் கோத்தாள். தலைக்கு மேலே சுழற்றி, நுரை விழும் இடத்துக்கு அப்பால் எறிந்தாள். நரம்பை அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். பிறகு அவன் தோள் துண்டை உருவி அவன் கண்ணைக் கட்டினாள்.

“வண்டி மதியம்தானே. அதுவரைக்கும் நில்லு.”

நின்றான். நரம்பு விறைத்தது.

“இழுக்குது அக்கா!”

“திருப்பிக் குடுத்துச்சா?”

பொறுத்துப் பார்த்தான். நரம்பு தளர்ந்து வந்தது.

“குடுத்துச்சு.”

“அது கடல். விடு.”

மறுபடியும் விறைத்தது. விரலை அறுத்துவிடும் போலிருந்தது.

“இது பலமா இழுக்குது!”

“குடுத்துச்சா?”

“…குடுத்துச்சு.”

“அதுவும் கடல்தான். பலமா இழுத்தா மீனாயிடுமா?”

வெயில் ஏறியது. கண் கட்டியிருந்ததால் அவனுக்கு ஏரியும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. விரல் மட்டும் இருந்தது. இழுத்தது, கொடுத்தது. இழுத்தது, கொடுத்தது. சுண்ட வேண்டும் என்றே தோன்றாமல் போயிற்று.

கரை மேட்டிலிருந்து வண்டிக்காரன் கூவினான். “அண்ணே, மாடு பூட்டியாச்சு!”

பூவராகன் குரல் வந்த பக்கம் திரும்பத் தொடங்கினான்.

அப்போது நரம்பு நகர்ந்தது. அலை இழுத்ததில் பாதிகூட இல்லை. மெதுவாக, விரலைத் தடவிக்கொண்டு போவதுபோல் போயிற்று. அவன் காத்திருந்தான்.

திரும்பி வரவில்லை.

எங்கோ தொலைந்திருந்த மாமாவின் குரல் முழுசாகக் கேட்டது: ‘ஏரியில தக்கையைப் பாரு, கடல்ல கையைக் கேளு.’

“அக்கா! இது குடுக்கலை!”

“அப்புறம் என்கிட்ட என்ன பேச்சு?”

சுண்டினான்.

*

பூவராகன் கண்கட்டை அவிழ்த்தபோது, முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா மணலில் கிடந்து துள்ளியது. காத்தாயி அதன் வாயைப் பிளந்து பார்த்தாள்.

“நல்ல ஓட்டை,” என்றாள்.

“அண்ணே!” வண்டிக்காரன் மறுபடியும் கூவினான். “வர்றியா, இல்லையா?”

பூவராகன் மூட்டையை அவிழ்த்தான். அதிலிருந்த வெளுத்த வேட்டியை உதறி, மீனை அதில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அஞ்சலை வீட்டுப் பக்கம் நடந்தான்.