மயில் சொன்ன விஷம்

ஓடைக்கரையில் ஒரு மான்குட்டி செத்துக் கிடந்தது. வாயில் நுரை தள்ளியிருந்தது. சற்றுத் தள்ளியிருந்த புற்றில் வஞ்சி என்ற சாரைப்பாம்பு முட்டையிட்டுக் காவல் இருந்தது. பழி அதன்மேல் விழுந்தது.

மறுநாள் காலை ஆலமரத்தடியில் வழக்கு நடந்தது. நீதி சொல்ல உட்கார்ந்தது கருமலை என்ற காட்டெருமை. தாய்மான் அழுதுகொண்டே நின்றது. எதிரே வஞ்சி. பாம்பு கடித்ததை யாரும் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்தவரைக் கேட்டுவிடலாம் என்று நரி போய்ச் சித்திரத்தோகை என்ற மயிலை அழைத்து வந்தது.

தான் பாம்பு தின்றே வளர்ந்ததாகவும், பாம்பைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவர் இந்தக் காட்டில் இல்லை என்றும் மயில் சொன்னது. நுரை வந்தால் விஷம், பக்கத்தில் இருப்பது பாம்பு, ஆகவே கொன்றது பாம்புதான் என்று முடித்தது.

கூட்டம் தலையாட்டியது. கருமலையும் தலையாட்டியது. காட்டுப்பன்றிகள் தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய்ப் புற்றை மிதித்துத் தள்ளின. உள்ளே இருந்த முட்டைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வஞ்சிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அழுகைகூட வரவில்லை. தலையை நிமிர்த்தியது.

"எங்களைத் தின்றவருக்கு எங்கள் ருசி தெரியும். எங்கள் பல்லில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சாரைக்கு விஷமே கிடையாது. செத்த குட்டியை இவர் கிட்டப் போய்ப் பார்த்தாரா என்று கேளுங்கள்."

கருமலைக்குச் சுருக்கென்றது. முதலிலேயே தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இப்போது கேட்டது.

"பார்க்க என்ன இருக்கிறது? நான் சொன்னால் போதாதா?" என்றது மயில்.

"பல் பட்ட இடத்தைக் காட்டுங்கள்" என்றது கருமலை.

எல்லாம் ஓடைக்குப் போயின. தாய்மான் குட்டியை மூக்கால் புரட்டி, காது முதல் குளம்பு வரை தேடியது. கடித்த தடம் எங்குமே இல்லை. வாயைத் திறந்தபோது பாதி மென்ற அரளி இலை நாக்கில் ஒட்டியிருந்தது. கரையோரத்து அரளிச்செடியில் குட்டி மேய்ந்த இடமும் தெரிந்தது.

மயிலின் சாட்சியம் செல்லாது, வஞ்சி குற்றமற்றது என்று கருமலை அறிவித்தது. மயில் கொஞ்சமும் கூசவில்லை. செடிகொடி தன் துறையில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியது.

கருமலை வஞ்சியிடம் மன்னிப்புக் கேட்டது.

"என் முட்டைகளைத் திருப்பித் தர முடியுமா?" என்றது வஞ்சி.

தாய்மான் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி வந்து, இடிந்த புற்றின் முன் வஞ்சியோடு நின்றது.

பெரிய பேர் உள்ளவர் சொன்னார் என்பதற்காக ஒரு கருத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, எதைப் பார்த்துச் சொன்னார், எப்படி அறிந்து சொன்னார் என்று கேட்கத் தவறும் நீதி, குற்றமற்றவர் வீட்டைத்தான் முதலில் இடிக்கும்.