பார்க்கிங்கில் தண்ணீர் சொட்டக் கூடாது

சளப்.

இருட்டிய பிறகு ஆசிரமத்து வளைவில் கார் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நிறைகுடத்தோடு யாரோ உள்ளே நடப்பது போல.

ஹேமலதா பயந்து பிரேக்கை மிதித்தாள். மறுபடியும் சளப்.

பின்சீட்டில் மூன்று வயது நேத்ரா காலைத் தூக்கி மடக்கிக்கொண்டாள்.

"அம்மா, நான் ஊத்தலை."

குரு வாசலில் ஆசிரம வேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் கால் டாக்ஸி ஓட்டியவள். ஹேமலதாவின் வயதுதான் அவளுக்கும்.

ஆறு மாதமாகத் தியானத்துக்கு வரும் சிஷ்யை, அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அம்மா, எனக்குப் பொறுமை சொல்லிக் கொடுங்க."

"யாரைப் பொறுத்துக்க?"

"எங்க அப்பார்ட்மென்ட் செகரட்டரியை. தெய்வசிகாமணி சார்."

"என்ன செய்யறார்?"

"என் வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார்னு அவருக்குத் தெரியும். தினமும் எட்டு மணிக்கு வந்துடறார். மோட்டார் ரிப்பேர்ங்கிறார், மெயின்டனன்ஸ்ங்கிறார். உள்ளே வந்து சோபால உட்கார்ந்தா ஒரு மணி நேரம். குழந்தை தூங்கிட்டாளான்னு கேட்கிறார். நேத்து ரேகை பார்க்கறேன்னு கையைப் பிடிச்சார்."

"நீ என்ன செஞ்சே?"

"காபி கொடுத்தேன்."

குரு துடைப்பதை நிறுத்தினாள்.

"கையை உருவிக்கிட்டுப் போய்க் காபி போட்டேன். வேற என்ன செய்யட்டும்? கத்தினா என்னைத்தான் பேசுவாங்க. எதிர் வீட்டு மாமி என்ன சொன்னாங்க தெரியுமா? பெரிய மனுஷர், அப்பா மாதிரி, அனுசரிச்சுப் போயேன்னாங்க. அப்பா மாதிரியாம்! எங்கப்பா எந்த வீட்டுப் பொண்ணு கைக்கும் ரேகை பார்த்ததில்லை."

"சரி."

"கான்வென்ட்ல பன்னிரண்டு வருஷம் சிஸ்டர்ஸ் சொல்லிக் கொடுத்தது ஒண்ணுதான். நல்ல பெண் குரலை உயர்த்தக் கூடாது. எனக்கு உயர்த்தவே வரலை. உள்ளுக்குள்ளே மட்டும் எரியுது. அதுவும் எரியாம இருக்கணும். அதுக்கு வழி சொல்லுங்க."

"உன் கார்ல என்ன சத்தம்?"

ஹேமலதாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"நான் மானம் போகுதுன்னு சொல்லிட்டிருக்கேன். நீங்க காரைப் பத்திக் கேட்கறீங்களே!"

குரு காரின் இடதுபக்கக் கதவைத் திறந்தாள். கீழே இருந்த விரிப்பை உள்ளங்கையால் அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஏறி வந்தது. நாற்றமும் வந்தது.

பின்சீட்டில் நேத்ரா இருமினாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா. பின்னாடி வரைக்கும் ஈரம். பாட்டிலைக் கவுத்துட்டான்னு இவளை அடிச்சேன்."

"கவுத்தாளா?"

ஹேமலதா குழந்தையைப் பார்த்தாள்.

"பாட்டில் மூடினபடியேதான் இருந்தது."

"அதுக்கு முன்னாடி ஏசி தண்ணி எங்கே போச்சு?"

"கீழே, பார்க்கிங் தரையில. அதுக்குத்தானே அந்த ஆள் லிஃப்டுக்குள்ளே நோட்டீஸ் ஒட்டினார்! பார்க்கிங்கில் தண்ணீர் சொட்டக் கூடாதுன்னு, என் வீட்டு நம்பரைப் போட்டு. எல்லாரும் படிச்சாங்க. அத்தனை காருக்கும் கீழே சொட்டுது, நம்பர் மட்டும் என்னோடது."

"நீ?"

"நானே கீழே படுத்து, அந்த ரப்பர் குழாய்க்குள்ளே துணியைத் திணிச்சு, டேப் சுத்திட்டேன். இப்போ வெளியே ஒரு சொட்டு கிடையாது."

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை.

குரு அவளையே பார்த்தாள். சிரிக்கவில்லை.

பிறகு ஒரு சாக்கை விரித்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து காருக்கு அடியில் போனாள்.

"டார்ச்சைப் பிடி."

டேப் உரிந்தது. துணி வர மறுத்தது. குரு இரண்டு விரலை விட்டு இழுத்தாள்.

தண்ணீர் கொட்டியது. கறுப்பாய், சேறும் தூசியுமாய், குருவின் கழுத்தில், காதில், புடவையில். அவள் நகரவில்லை. ஒரு கம்பியை மெதுவாக உள்ளே விட்டுக் கிண்டினாள். இன்னும் கொஞ்சம் சேறு வந்தது. அப்புறம் தெளிந்த தண்ணீர்.

"ஐயோ, உங்க புடவை! வாசலெல்லாம் தண்ணி, இப்பத்தானே பெருக்கினாங்க, யாராவது திட்டப் போறாங்க."

"தரைதானே. காயும்."

குரு வெளியே வந்து அழுகிய துணியை அவள் கையில் வைத்தாள். நேத்ராவின் பழைய கவுனில் கிழித்தது.

ஹேமலதா அதைக் கையில் விரித்துப் பார்த்தாள்.

"பொறுமையைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே, அம்மா?"

"அதுதான் உன்கிட்ட நிறைய இருக்கே."

குரு முகம் கழுவப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் எந்த வளைவிலும் சத்தம் இல்லை.

தூங்கிவிட்ட நேத்ராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஹேமலதா வீட்டுக்குள் நுழைந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம். தெய்வசிகாமணி.

"என்னம்மா இது, உன் வண்டிக்கு அடியில மறுபடியும் ஒரே தண்ணி? சரி சரி, உள்ளே உட்கார்ந்து பேசிக்கலாம். சூடா ஒரு காபி போடு."

சொல்லிக்கொண்டே அவர் ஒரு காலை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

ஹேமலதா திரும்பினாள்.

"காலை எடுங்க சார்."

"என்னது?"

"காலை எடுங்க!"

குரல் மாடிப்படி வழியாக மூன்று தளமும் இறங்கியது. நேத்ரா விழித்துக்கொண்டாள். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாமி எட்டிப் பார்த்தாள். மேலே இன்னொரு கதவு.

தெய்வசிகாமணி குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா கத்தறே? நாலு பேர் காதுல விழும்."

"விழட்டும்."

கால் பின்னால் போனது. கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.